ஏரிக்கரைப் பையனுக்கு ஏன் இந்த அர்ச்சனை?

சென்ற இதழில் பாத்திரமேற்று ஆடும் ஜப்பானிய வீடியோ விளையாட்டுகளைச் சாடி வந்த கட்டுரை ஏற்காடு ஏரிக்கரையில் தொடங்குகிறது. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பையன் செல்போனில் ‘டிராகன் குவெஸ்ட்’ ஆடிக்கொண்டிருந்தானாம். எதிரே ஏரி, மேலே மூடுபனி. அவனோ தலையைத் தூக்கவே இல்லையாம். அங்கே மூண்ட கோபத்தில் கட்டுரையாளர் நான்கு குற்றச்சாட்டுகளை அடுக்குகிறார். முறை வைத்து அடித்துக்கொள்ளும் சண்டை காலாவதியானது. ஒரே பூதத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது கூலியில்லாத வேலை, சூதாட்டத்துக்கு முதல் படி. கதை சிறுபிள்ளைத்தனம். எல்லாவற்றுக்கும் மேலாக, இது நம் மண்ணுக்குச் சம்பந்தமில்லாத சரக்கு. நான்கும் தவறு. நான்காவது தவறு மட்டுமல்ல, வேடிக்கையும்கூட.

முதலில் அந்தப் பையனை விட்டுவிடுவோம். சனிக்கிழமை மலையேறி, படகில் சுற்றி, மிளகாய் பஜ்ஜி தின்று, லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று படம் எடுத்துக்கொண்டு ஞாயிறு சாயங்காலம் சேலத்துக்கு இறங்குகிறவருக்கு ஏரி அதிசயம்தான். உள்ளூர்ப் பையனுக்கு அது தினமும் பார்க்கும் தண்ணீர். மெரினாவில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவரிடம் போய் “ஏன் ஐயா கடலைப் பார்க்கவில்லை?” என்று யாரும் கேட்பதில்லை. மலைக்காரன் மட்டும் நாள் முழுக்க மலையை ரசித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், சுற்றுலாத் துறை விளம்பரத்துக்கு நிற்பதுபோல!

முறை வைத்து ஆடுவது பழசு என்கிறார். பழசுதான். சதுரங்கமும் பழசு. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஊரெல்லாம் குதிரைப் பொம்மைக்கு வேட்டி கட்டி நிறுத்திக் கொண்டாடினோம். எதிராளி காய் நகர்த்தும்வரை காத்திருப்பது கேவலம் என்று அன்றைக்கு யாரும் எழுதியதாக நினைவில்லை. இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் உள்ள உறவு வெறும் ஒப்புமையோடு நிற்பதுமில்லை. டிராகன் குவெஸ்டுக்கு இசையமைத்த கோயிச்சி சுகியாமா அதை வெளியிட்ட எனிக்ஸ் நிறுவனத்துக்குள் வந்ததே, ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியை வைத்து அந்த நிறுவனம் வெளியிட்ட கணினி விளையாட்டைப் பற்றி அவர் எழுதிய அபிப்பிராய அட்டை வழியாகத்தான். தொலைக்காட்சியிலும் ஜனரஞ்சகப் பாடல்களிலும் பெயர் பெற்றிருந்த அவருக்கு 1986 மே மாதம் முதல் பாகம் வெளிவந்தபோது வயது 55. அதற்கு அவர் போட்ட தொடக்க இசைதான் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அணிவகுத்து வந்தபோது முதலில் ஒலித்தது. காலாவதியான சரக்கை யாரும் உலகத்தின் முன்னால் அப்படிக் கொண்டுபோய் வைப்பதில்லை. 2025இல் பிரான்சின் மோன்பெலியே நகரத்துச் சிறு குழு ஒன்று ‘கிளேர் ஒப்ஸ்கூர்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. அதிலும் முறை வைத்துத்தான் சண்டை. ஜப்பானிய மரபிலிருந்து கற்றதை அதைச் செய்தவர்கள் மறைக்கவும் இல்லை. உலகம் வாங்கித் தீர்த்தது.

இந்த முதல் குற்றச்சாட்டோடு ஒட்டிக்கொண்டு வருவது, இதில் மூளைக்கு வேலையே இல்லை என்ற தீர்ப்பு. கட்டுரையாளர் முதல் அறையைத் தாண்டியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார். 1986இன் மூல வடிவத்தில் நாயகன் முதலில் நிற்பது அரசனின் சபையில். கதவு பூட்டியிருக்கிறது. மூன்று பெட்டிகள்: ஒன்றில் 120 பொற்காசு, ஒன்றில் தீப்பந்தம், ஒன்றில் சாவி. பெட்டியைத் திறக்க, கதவைத் திறக்க, பேச, படியிறங்க என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை. அறையை விட்டு வெளியேறுவதற்குள் ஆட்டத்துக்கு வேண்டிய அடிப்படை எல்லாம் கைக்கு வந்துவிடும். விளக்கக் கையேடோ பாடம் நடத்தும் வாத்தியாரோ தேவையில்லை. இதை வடிவமைத்த யூஜி ஹோரி பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர். வாசகனை எங்கே பிடித்து நிறுத்துவது என்று தெரிந்தவர்.

வெளியே வந்ததும் நீருக்கு அந்தப் பக்கம் வில்லனின் கோட்டை தெரிகிறது. போக வேண்டிய இடம் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் நேர்வழி கிடையாது. உலகத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். பாலம் தாண்டினால் பூதங்கள் வலுவாகிவிடும். சேலத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற சேர்வராயன் மலைக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தானே கட்டுரையாளரும் வந்தார்? ஹெலிகாப்டரில் இறக்கிவிட்டிருந்தால் அந்த மூடுபனி அவருக்கு இத்தனை இனித்திருக்குமா?

இப்போது கூலி வேலை, சூதாட்டம் என்ற வாதம். காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர் பழுத்ததைப் பறித்துவிட்டு, மிச்சம் பழுத்ததும் அதே செடிக்கு மறுபடி வருவார். அவர் எத்தனை கிலோ பறிக்க வேண்டும், எவ்வளவு கூலி என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். விளையாட்டில் பூதம் அடிப்பதை அந்த உழைப்போடு ஒப்பிடுவது அந்த உழைப்பை அறியாதவர் பேசும் பேச்சு. ஆடுபவன் தானாக வருகிறான், வேண்டியபோது நிறுத்துகிறான்.

சூதாட்டம் என்பது இன்னும் மோசமான குழப்பம். முதல் பாகத்தில் ஸ்லைம் என்ற குட்டிப் பூதம் ஒன்றை வீழ்த்தினால் 1 அனுபவப் புள்ளி. இரண்டாம் நிலைக்கு ஏற 7 புள்ளி. ஏழு ஸ்லைம் என்றால் ஏழு ஸ்லைம்தான், கணக்கு மாறாது. செத்துப்போனால் கையிலிருக்கும் பொன்னில் பாதி போகும், கற்றது போகாது. அரசன் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு மறுபடி அனுப்பிவைப்பான். சூதாட்டம் உழைத்ததைப் பிடுங்குகிறது. இது உழைத்ததைக் கணக்கில் வைக்கிறது. ஆன்லைன் ரம்மியில் கடனாளியாகி உயிரை விட்டவர்களால்தான் தமிழ்நாட்டில் நீதிபதி சந்துரு குழு அமைந்தது, 2022இல் அவசரச் சட்டம் வந்தது. ஒருமுறை காசு கொடுத்து வாங்கி, இணையமே இல்லாமல் ஆடும் விளையாட்டை அந்தக் கூண்டில் ஏற்றினால் உண்மையான குற்றவாளிக்குத்தான் கொண்டாட்டம். இதே டிராகன் குவெஸ்ட் பெயரில், அதிர்ஷ்டக் குலுக்கலுக்குக் காசு கேட்கும் கைப்பேசி விளையாட்டும் ஜப்பானில் உண்டு. அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். பழைய பாகங்களில் இழுவை இருப்பதும் உண்மை. 1987இல் வந்த இரண்டாம் பாகத்தின் கடைசிப் பீடபூமியில் ரசிகர்களே வாய்விட்டுத் திட்டுவார்கள். வடிவமைப்பில் இருக்கும் குறையை ஒழுக்கக்கேடு என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

ஜப்பானே பயந்துபோய் வேலை நாட்களில் இதை விற்கச் சட்டம் போட்டுத் தடுத்தது என்றும் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு சட்டம் கிடையாது. 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை, மூன்றாம் பாகம் வெளியானது. பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள், போலீஸ் பிடித்தது. அதெல்லாம் உண்மை. சட்டம் என்பது பிற்பாடு கிளம்பிய வதந்தி. அதை விசாரிக்காமல் அச்சேற்றியவர்தான் அடுத்தவன் பொழுதுபோக்கில் சிந்தனை இல்லை என்கிறார்.

கதை சிறுபிள்ளைத்தனமா? 1992இல் வந்த ஐந்தாம் பாகத்தைப் பார்ப்போம். ஆறு வயதுப் பையன் கண்ணெதிரே தகப்பன் சாகிறான். பத்து வருடம் அடிமை வேலை. தப்பித்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, இரட்டைக் குழந்தைகள் பிறந்த கையோடு அவன் கல்லாகச் சபிக்கப்படுகிறான். அந்தச் சிலையை ஏலத்தில் எடுத்த பணக்காரர் தன் வீட்டு முற்றத்தில் நிறுத்துகிறார். வெயில், மழை, பனி. அந்த வீட்டுக் குழந்தை தவழ்ந்து, எழுந்து நடக்கிறது. தன் குழந்தைகள் எங்கே எப்படி வளர்கிறார்கள் என்று தெரியாமல் சிலைக்குள் ஒரு தகப்பன் நிற்கிறான். ஆடுபவன் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பயனில்லை; பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எட்டு வருடம் கழித்து அவனை மீட்க வருவது அவன் பிள்ளைகளே. அதற்குப் பிறகு தெரிகிறது, உலகம் காத்திருந்த வீரன் அவன் இல்லை, அவன் மகன். ராட்சசன், வாள், இளவரசி என்று ஒரு வரியில் இதைச் சுருக்குகிறவர் ராமாயணத்தைப் பெண்டாட்டியைத் தேடிப் போன கதை என்றும் சுருக்குவார்.

கடைசியாக, நம் மண். ஏரிக்கரையில் காப்பி குடித்துக்கொண்டே அந்நியச் சரக்கைப் பற்றிக் கவலைப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காப்பி இந்த மலைக்கு வந்தது 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். செடிக்கு நிழல் தரும், கட்டுரையாளர் வியந்து வர்ணித்த சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. வந்ததையெல்லாம் இந்த மலை தன்னுடையதாக்கிக்கொண்டது. பூதம், குகை, காவல் தெய்வம் நமக்குப் புரியாதாம். சேர்வராயன் உச்சியில் குகைக்குள் குனிந்து போய்த்தான் சாமி கும்பிடுகிறோம். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்ட மலைக் கிராமங்கள் அத்தனையும் அங்கே திரளும். அந்தக் குகை காவிரி பிறக்கும் இடம்வரை போகிறது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஜப்பான்காரன் குகையில் வழி தெரியாமல் போய்விடுமா?

இந்த விளையாட்டு இங்கே ஏன் பிடிக்கிறது என்று அவர் யாரையாவது கேட்டிருக்கலாம். மழைக்காலத்தில் கரண்ட் போகும். இரண்டு வளைவு தாண்டினால் டவர் எடுக்காது. நொடிக்கு நொடி சுடச் சொல்லும் ஆன்லைன் சண்டை விளையாட்டு, தோட்டத்து லைன் வீட்டுப் பையனை டவர் போன நொடியில் தோற்கடித்துவிடும். டிராகன் குவெஸ்ட் அவனுக்காகக் காத்திருக்கும். அம்மா கூப்பிட்டால் கீழே வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது பூதம் அதே இடத்தில், அவனுடைய முறைக்காக நிற்கும். வேகமான கைக்கும் விலை உயர்ந்த போனுக்கும் அங்கே தனிச் சலுகை இல்லை. யோசித்தவனுக்கும் பொறுத்தவனுக்கும் பலன் உறுதி. இந்த நியாயத்தை வெளியே எத்தனை இடத்தில் பார்க்கிறான் அந்தப் பையன்?

பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஒரு மணி நேரம்கூட ஆடிப் பார்க்காமல், முகம் தெரியாத ஒரு பையனை உதாரணமாக்கி ஒரு கலை வடிவத்துக்கே தண்டனை எழுத உரிமை இல்லை. அடுத்த கட்டுரைக்கு முன்னால் அவர் ஏழு ஸ்லைமையாவது அடித்துவிட்டு வரட்டும்.