உபதேசம் மட்டும் போதாது; உபதேசமே வேண்டாம் என்பதும் தவறு!

வேடந்தாங்கல் ஏரிக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பறவைகள் வருகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு நல்ல உரம் என்பது எங்கள் முன்னோருக்குத் தெரியும். ஆகவேதான், பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டபோது, 1790களில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, அவற்றைக் காக்கும் உரிமையைப் பெற்றார்கள். எழுத்தறியாத விவசாயிகள், எது எதற்கு உணவாகிறது என்ற கணக்கை அவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள்.

இன்று அந்த வயலில் நாற்று நடும் பெண்ணின் உடம்பில் ரத்தம் இல்லை. 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று, வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமல் குன்றி நிற்கிறது.

இதற்குப் பரிகாரமாக, கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகச் சென்று உணவு பற்றியும் ஆரோக்கியம் பற்றியும் எடுத்துச் சொல்ல வைக்க வேண்டும் என்கிறார்கள். இதைப் பற்றி எங்கள் கிளைக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது ஒரு தோழர் சீறினார்: “கூலியை உயர்த்தட்டும், சத்துணவு தானாக வரும். பசித்தவனுக்குப் பாடம் எதற்கு?”

கைதட்டல் எழுந்தது. ஆனால் பின்வரிசையிலிருந்த விவசாயத் தொழிலாளிப் பெண் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “மாசமா இருந்தப்போ இரும்புச் சத்து மாத்திரை குடுத்தாங்க தோழரே. போட்டா வயித்தைப் பிரட்டுது. வெளிக்குக் கறுப்பாப் போவுது. பயந்துபோயி எறவாணத்துல சொருகி வெச்சிட்டேன்.”

தோழர்களே, அந்த மாத்திரைக்குக் காசில்லை. அதை விழுங்க வைக்கக் கூலி உயர்வும் தேவையில்லை. ‘கறுப்பாகப் போவது இயல்பு, பயப்படாதே. சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள், பிரட்டல் குறையும். மாத்திரையோடு டீ குடிக்காதே. டீ இரும்பைத் தடுக்கும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்’ என்று சொல்ல, அவர் நம்பும் ஒரு பெண் அந்தத் தெருவில் இல்லை. அவ்வளவுதான். பயிற்சி பெற்ற ஊழியர் அவசியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆனால் சர்க்கார் தரப்பின் வாதத்தையும் அப்படியே விழுங்கிவிட முடியாது. ஜனங்களின் அறியாமைதான் நோய்க்குக் காரணம் என்று அவர்கள் சொல்வது பாதி உண்மை. 1920களிலேயே குன்னூரில் மக்காரிசன் என்ற விஞ்ஞானி, பல பிரதேச மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் செழித்தன. சென்னை மாகாணத்து அரிசி உணவைத் தின்றவை மெலிந்தன. எது நல்ல உணவு என்ற அறிவு வந்து நூறு ஆண்டு ஆகிறது. அந்தப் பாலையும் பருப்பையும் வாங்கும் சக்திதான் இன்னும் குடிசைக்கு வரவில்லை!

இரண்டையும் இணைத்தால் பலன் உண்டு என்பதற்குத் தமிழகமே உதாரணம். 1980இல் இங்கே உலக வங்கிக் கடனில் ஓர் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஊர்ப் பெண்களே ஊழியர்களாகி, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்குச் சத்துருண்டை, தாய்க்கு ஆலோசனை. கடுமையான மெலிவு கணிசமாகக் குறைந்தது. கடன் யாருடையது, அதன் நிபந்தனை என்ன என்பது வேறு விவாதம். தராசும் உருண்டையும் ஆலோசனையும் ஒன்றாக வீட்டு வாசலுக்கு வந்தன என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

அடுத்த கேள்வி: இந்த ஊழியரின் வயிறு? 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் பெண்ணுக்குத் ‘தன்னார்வலர்’ என்று பெயர். நாட்டின் ஆஷா ஊழியர்களுக்கு 2022இல் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்தது. விருது கிடைத்தது, தொழிலாளி என்ற அந்தஸ்து கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட திட்ட ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியம் வழங்க வேண்டும் என 2013இலேயே 45வது இந்தியத் தொழிலாளர் மாநாடு சிபாரிசு செய்தது. அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அரைவயிற்றோடு நடக்கும் பெண்ணை அனுப்பி, மற்றவளை ‘முட்டை சாப்பிடு’ என்று சொல்லச் சொல்வது என்ன நியாயம்?

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. அந்தந்த ஊர்ப் பெண்களையே, முக்கியமாகச் சேரிப் பெண்களை, தேர்ந்தெடுத்து முறையான பயிற்சி கொடு! அவர்களுக்கு நிரந்தர வேலையும் ஊதியமும் கொடு! ரேஷனில் அரிசியோடு கேழ்வரகும் கூடுதல் பருப்பும் கொடு! விவசாயக் கூலியை உயர்த்து!

கடைசியாக நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாரும் உண்ட பிறகு பானையின் அடியில் மிஞ்சியதைப் பெண் சாப்பிடும் வழக்கம் மிராசுதார் வீட்டில் மட்டுமா இருக்கிறது? செங்கொடி பிடிக்கும் வீட்டிலும் இருக்கிறது. கூலியில் ஒரு பங்கு சாராயக் கடைக்குப் போவதும் உண்டு. இதை மாற்ற எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மாதர் சங்கமும் வாலிபர் சங்கமும் இந்த மாதமே தெருத் தெருவாகப் பேசத் தொடங்கலாம்.

பறவைக்காக அன்று கலெக்டரிடம் வாதாடிய ஊர் இது. தன் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் வாதாடத் தயங்கலாமா?