டொல்பினா, எவ்ரியா? முதல்ல யார் ஏறப் போறது என்று சொல்லுங்க

கேம்பர் வேன் கட்டுவோம் என்று காசு சேர்க்கத் தொடங்கினதிலிருந்து எங்கட வட்டத்தில் ஒரே வாதம்: சுசுக்கி எவ்ரியா, டொயோட்டா டொல்பினா? ரெண்டும் பாவிச்ச வண்டிதான். லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், ஏசி குளிருதா, வித்தால் என்ன விலை போகும் என்று எல்லாம் பேசியாச்சு. அதுக்குள்ள யார் ஏறுவாங்க என்று மட்டும் யாரும் கேட்கல்ல.

எவ்ரி, ஜப்பானின் 'கேய்' சட்டத்துக்குள் அடங்கச் செய்த வண்டி. நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள், எஞ்சின் 660 சீசீ. பின் சீட்டை மடிச்சு மெத்தை போட்டால் ரெண்டு பேர் படுக்கலாம். கல்முனைக்குடியில் அந்த ரெண்டு பேர் எப்பவும் ரெண்டு பொடியன்கள்தான். உண்மையில் அவங்களுக்கு வேனே தேவையில்ல. பாயைச் சுருட்டி பைக்கில் கட்டிக்கொண்டு பொத்துவிலுக்குப் போய், கடற்கரையில் கிடந்துட்டு வரலாம். யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டாங்க.

காசில் பங்கு போட்ட எங்கட தோழிகளுக்கு அப்படியா? குமண பார்க்க அவங்களுக்கும் ஆசை. வழியில் எங்க உடுப்பு மாத்துற, எங்க தொழுற, எங்க ஒதுங்குற? இந்த மூணுக்கும் ஏற்பாடு செய்யாமல், "பொம்புளப் புள்ளைகளுக்கு இது சரிவராது" என்று தீர்ப்புச் சொல்றது லேசு. உம்மாவோ ராத்தாவோ கூட வந்தால்தான் அவங்க வரலாம். அது நியாயமா என்று வேறொரு கட்டுரையில் சண்டை பிடிப்போம். இப்போதைக்கு உம்மாக்கும் இடமிருக்கிற வேன் வேணும்.

டொல்பினில் அது இருக்கு. 1989 இல் வந்த ஹயேஸ் தலைமுறை, அகலம் 1.69 மீட்டர். பின்மூலையில் திரை போட்டு சின்னக் கழிப்பறை ஒண்டு வைத்தாலும் மூணு பேர் படுக்கலாம். ஒரு கிழமை பொடியன்கள், மறு கிழமை புள்ளைகள்.

டீசல் குடிக்கும், புகை தள்ளும், இருபது வயசு தாண்டிட்டு: எல்லாம் உண்மை. 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் பழசும் மலிவில்ல. ஆனால் அதன் 3எல் டீசல் எஞ்சினை ஓட்டுறது கணினி இல்ல. வழியில் நிண்டால் அடுத்த ஊர்க் கராஜில் திறந்து பார்க்கலாம்.

பெயின்டைப் பார்த்து ஏமாறாதீங்க. உப்புக்காத்தில் நிண்ட வண்டியைக் கறல் கீழேயிருந்துதான் தின்னும். தரை விரிப்பைத் தூக்குங்க, சறுக்குக் கதவின் தண்டவாளத்தைத் தடவுங்க, சக்கர வளைவுக்குள் டோர்ச் அடியுங்க. பட்டி பூசி மூடியிருந்தால் திரும்பி வாங்க. காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. நீலப் புகை நிக்காமல் வந்தால் எஞ்சின் ஒயிலை எரிக்குது.

லீட்டர் கணக்கில் எவ்ரி வெல்லட்டும். பாதிப் பங்காளிகளை வீட்டில விட்டுட்டுப் போற வேனுக்கு அவங்கட காசை எடுக்க எங்களுக்கு உரிமை இல்ல. எங்கட வாக்கு டொல்பினுக்கு.