பசுவின் தாதுப்பசியும் சங்கத்தின் கடமையும்

பால் உற்பத்தியாளர் சங்கத்தின் கொள்முதல் ஏட்டைப் பொறுமையுடன் புரட்டிப் பார்ப்பவருக்கு ஒரு செய்தி தெளிவாகப் புலப்படும். ஓர் அங்கத்தினரின் பெயருக்கு நேரே ஒன்பது, பத்து மாதங்கள் பால் வரவு இருக்கும்; பின்னர் வரவு குறைந்து முற்றும் நின்றுவிடும். இரண்டு, மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் வரவு தொடங்குமாயின் அது முறையே. பசு சினையாக இருந்து, பால் வற்றி, கன்று ஈன்று, மறுபடியும் கறவைக்கு வந்திருக்கிறது என்பது அதன் பொருள். ஆனால் எத்தனையோ பெயர்களுக்கு நேரே அந்த வெற்றிடம் ஆறு மாதம், எட்டு மாதம் என்று நீள்வதைக் காண்கிறோம். அக்காலத்தில் பசுவுக்குச் சினையும் இல்லை, மடியில் பாலும் இல்லை. வைக்கோல் செலவு மட்டும் நிற்பதில்லை. கறவை மாட்டுக் கடனுக்குரிய தவணையும் நிற்பதில்லை. தவணை தவறிய கடன்களைப் பற்றி விசாரிக்கும்போது ஆய்வாளர் காதில் அடிக்கடி விழும் விடை, “மாடு சினை நிற்கவில்லை” என்பதுதான்.

இந்த விடையை விதியின் செயல் என்று ஒப்புக்கொண்டு விட்டுவிடுவதற்கில்லை. சினை நிற்காமைக்குக் காரணங்கள் பல. கருப்பை நோய் ஒன்று, குடற்புழு ஒன்று, பருவத்தைக் கவனியாது விடுதல் ஒன்று. ஆயினும் நமது கிராமங்களில் பெரும்பாலான மாடுகளுக்குப் பொதுவாக உள்ள குறை, உணவுக் குறை. அதிலும் கண்ணுக்குத் தெரியாத குறை, தாது உப்புக்களின் குறை. இதனை நீக்கும் வழி எளிது, செலவும் பெரிதன்று. ஆனால் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தனித்தனியே செய்வதற்கு விட்டுவிட்டால் அது நடவாது என்பதும், சங்கமே முன்னின்று செய்ய வேண்டிய காரியம் அது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

வரவும் செலவும்

பசுவின் உடலையும் ஒரு கணக்குப் புத்தகமாகவே எண்ணிப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ 1.2 கிராம் கால்சியமும், 1 கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் பாஸ்பரசும் இருக்கின்றன. நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் பசு, 12 கிராம் கால்சியத்தை நாள்தோறும் நமது பாத்திரத்தில் ஊற்றிவிடுகிறது. 300 நாள் கறவையில் இது 3.6 கிலோ ஆகிறது. இவ்வளவும் எங்கிருந்து வருகிறது? தீவனத்திலிருந்து வர வேண்டும். தீவனத்தில் போதாவிடில் எலும்பிலிருந்து வர வேண்டும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது மாட்டுக்கும் பொருந்தும்.

நெல் வைக்கோலைப் பெரிதும் நம்பி மாடு வளர்க்கும் பகுதிகளில் வரவுப் பக்கம் மிகவும் மெலிந்தது. வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்குதான். பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருள், இருக்கின்ற கால்சியத்தையும் உடலில் சேரவிடாது கட்டிப்போடுகிறது. வயிறு நிறைந்த மாடும் தாதுப் பசியோடு இருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும். மண்ணை நக்குதல், சுவரை நக்குதல், துணியையும் எலும்பையும் மெல்லுதல் முதலியவை அப்பசியின் அறிகுறிகளாக இருக்கலாம். “கெட்ட பழக்கம்” என்று மாட்டை அடிப்பதால் பயனில்லை.

செலவு மிகுந்து வரவு குறைந்த குடும்பம் எதை முதலில் நிறுத்தும்? இன்றியமையாதவற்றை விட்டு, ஒத்திப்போடக் கூடியதை நிறுத்தும். பசுவின் உடலும் அவ்வாறே செய்கிறது. தன் உயிரைக் காப்பது முதற் செலவு. ஈன்ற கன்றுக்குப் பால் சுரப்பது அடுத்த செலவு. புதியதொரு கருவைத் தாங்குவது கடைசிச் செலவு. ஆதலின் குறை நேர்ந்தவுடன் பருவம் வருவது நின்றுவிடுகிறது. அன்றி வெளியே தெரியாத ஊமைப் பருவமாக வந்து போகிறது.

கால்சியம், பாஸ்பரஸ் ஆகிய இரண்டோடு கணக்கு முடிவதில்லை. செம்பு, துத்தநாகம், மாங்கனீசு, கோபால்ட், அயோடின் முதலியவை மிகச் சிறிய அளவில் வேண்டியவை. கோபால்ட் இல்லாவிடில் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் பி12 வைட்டமினை ஆக்க முடியாது. அயோடின் குறைந்தால் கன்று வலிவிழந்தோ இறந்தோ பிறத்தல் உண்டு. துத்தநாகக் குறை தோலிலும் குளம்பிலும் தெரியும். பெரிய பாவில் இரண்டொரு இழை அறுந்தாலும் துணி பழுதாகும் என்பதை நெசவாளருக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

தவறிய பருவத்தின் விலை

பசுவின் பருவம் சுமார் 21 நாட்களுக்கு ஒருமுறை வருகிறது. சினைக்காலம் சுமார் 280 நாட்கள். கன்று ஈன்ற மூன்று மாதங்களுக்குள் மீண்டும் சினை பிடித்தால், 12 அல்லது 13 மாதங்களுக்கு ஒரு கன்று என்ற கணக்கு நிறைவேறும். ஒரு பருவம் தவறினால் 21 நாள் தள்ளிப்போகிறது. ஏழெட்டுப் பருவங்கள் தவறினால் ஈற்று இடைவெளி 18 மாதம் ஆகிவிடுகிறது. ஆறு ஆண்டுகளில் 13 மாத இடைவெளிக்குச் சராசரி ஐந்தரை ஈற்று. 18 மாத இடைவெளிக்கு நான்கே. ஒன்றரைக் கறவையும் ஒன்றரைக் கன்றும் சந்தடியின்றிப் போய்விட்டன.

வெறும் மாட்டைக் காப்பாற்ற நாளொன்றுக்கு 100 ரூபாய் ஆகிறது எனக் கொள்வோம். ஒரு பருவம் தவறினால் 2,100 ரூபாய். இரண்டு தவறினால் 4,200 ரூபாய். கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தாதுக்கலவை என்றால் ஆண்டுக்கு 36.5 கிலோ. கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 3,650 ரூபாய். ஆண்டு முழுவதற்கும் ஆகும் செலவு, இரண்டு பருவம் தவறுவதால் நேரும் நட்டத்தைவிடக் குறைவு. தத்தம் ஊர் விலையைப் போட்டு அங்கத்தினர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

எது தீர்வு, எது தீர்வன்று

தாதுக்கலவை மந்திரமன்று. பசியுள்ள மாட்டுக்குத் தாதுக்கலவையை மட்டும் கொடுப்பது, சோறிடாமல் ஊறுகாய் இடுவது போன்றதாகும். கன்று ஈன்ற முதல் இரண்டு மாதங்களில் பால் ஏறுகிறது, தீனி அதற்கு ஈடாக ஏறுவதில்லை, உடல் இளைக்கிறது. அப்போது வேண்டுவது அடர்தீவனமும் பசுந்தீவனமும். வாய்க்கால் ஓரத்தில் அகத்தி, வேலிமசால், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வளர்க்க இடமுள்ளவர் அதனைச் செய்தல் வேண்டும். குடற்புழு நீக்கம் முறையாக நடைபெற வேண்டும். இரண்டு மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்காத மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவற்றோடு சேர்ந்தால்தான் தாதுக்கலவை முழுப் பயன் தரும்.

அடுத்து, புட்டிகளைப் பற்றி ஒரு சொல். மாடு சினை நிற்கவில்லை என்றதும் கடைக்கு ஓடி, வண்ணச் சீட்டு ஒட்டிய திரவ மருந்தை வாங்கி ஒரு வாரம் ஊற்றிவிட்டு, “பயனில்லை” என்று கைவிடுவது வழக்கமாகி வருகிறது. ஒரு வாரத்தில் எலும்பு நிறையாது. சிறிது சிறிதாக நாள்தோறும் கொடுப்பதே முறை. மேலும், நிறைசினை மாட்டுக்குக் கால்சியத்தை மிகுதியாக ஊற்றுவது தீங்காகவும் முடியலாம். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் உடலின் பழக்கம் அதனால் தளர்ந்து, ஈன்றவுடன் பால் காய்ச்சல் வர அது இடங்கொடுக்கும். ஈற்றுக்கு முந்திய வாரங்களில் எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்க.

பொதுவாக, கறவைக்கு 100 கிராம், கிடேரிக்கும் வற்றிய மாட்டுக்கும் 50 கிராம், கன்றுக்கு 20 முதல் 25 கிராம் என்பது வழக்கமான அளவு. கலவைக்குக் கலவை இது மாறுமாதலால் உறையில் அச்சிட்டிருப்பதைப் பின்பற்ற வேண்டும். கறியுப்பு இதில் அடங்காத கலவையாயின் அதனைத் தனியே சேர்க்க வேண்டும். “கலப்புத் தீவனத்தில் இது ஏற்கெனவே இருக்கிறதே” என்று சிலர் கேட்பர். இருக்கிறது, ஆனால் உரிய அளவு தீவனம் வைப்பவருக்கே அது போதுமானதாகும். கைப்பிடியளவு வைப்பவருக்குக் கைப்பிடியளவு தாதுதான் கிடைக்கும்.

சங்கம் ஏன் முன்வர வேண்டும்?

தாதுக்கலவையைப் பார்த்து அதன் தரத்தைக் கண்டறிய யாராலும் முடியாது. எல்லாம் வெண்மை கலந்த தூளே. அதில் பாஸ்பரஸ் தரும் டைகால்சியம் பாஸ்பேட் விலையுயர்ந்தது. சுண்ணாம்புக்கல் தூள் மலிவானது. ஆகவே பாஸ்பரசைக் குறைத்துச் சுண்ணாம்பைக் கூட்டி விற்பதற்கு ஆசை எழுவது இயற்கை. வயலுக்குரிய பாஸ்பேட் உரத்தை மாட்டுக்குக் கொடுப்பதோ இன்னும் அபாயமானது. அதிலுள்ள ஃபுளோரின் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1664 தாதுக்கலவைக்கென்றே வகுக்கப்பட்டது. கலவையில் 20 சதவிகிதம் கால்சியமும் 12 சதவிகிதம் பாஸ்பரசும் இருக்கின்றனவா என்று சீட்டைப் படித்து, மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பி வாங்குவது தனி ஒருவரால் ஆகக்கூடியதன்று. சங்கத்தால் ஆகும்.

நெசவாளர் சங்கங்கள் இப்பாடத்தை முன்னரே கற்றவை. நூலின் நம்பரும் முறுக்கும் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு தறிக்காரரும் தனியே கடைக்குச் சென்று ஏமாறுவதைத் தவிர்ப்பதற்கன்றோ, சங்கமே நூலை வாங்கி அங்கத்தினருக்கு வழங்கும் முறை ஏற்பட்டது? தறிக்கு நூல் எப்படியோ, பசுவுக்குத் தாது அப்படியே. துணியை விற்றுக் கொடுப்பதோடு தன் வேலை முடிந்தது என்று நெசவாளர் சங்கம் இருப்பதில்லை. பாலை விற்றுக் கொடுப்பதோடு தன் வேலை முடிந்தது என்று பால் சங்கம் இருப்பது மட்டும் எவ்வாறு பொருந்தும்?

குஜராத்தில் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் 1946-ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்டது. பாலை வாங்கி விற்பதற்கென ஏற்பட்ட அவ்வொன்றியம், தன் அங்கத்தினரின் மாடுகளுக்கென்று கஞ்சரி என்னும் ஊரில் தீவன ஆலையையும் அமைத்தது. 1964 அக்டோபர் 31-ஆம் நாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அதனைத் திறந்து வைத்தார். மறு ஆண்டே தேசியப் பால்வள வாரியம் தோன்றியது. பாலின் பெருக்கம் பசுவின் வாயிலிருந்து தொடங்குகிறது என்பதை உணர்ந்தவர்கள் செய்த காரியம் அது. நம் மாநிலத்திலும் வசதிகள் இல்லாமல் இல்லை. ஆவின் ஒன்றியங்கள் வழியே தீவனமும் தாதுக்கலவையும் கிடைக்கின்றன. 1989-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தாதுக்கலவை தயாரித்து வழங்குகிறது. கிடங்கில் உள்ள பொருள் தொட்டிக்கு வந்து சேர வேண்டும், அதுவே குறை.

இரண்டு மறுப்புக்கள்

“பாட்டன் காலத்தில் தாதுக்கலவை ஏது? மாடு ஈனவில்லையா?” என்பது ஒரு மறுப்பு. அன்றைய நாட்டு மாடு கன்றுக்குப் போக இரண்டு மூன்று லிட்டர் தந்தது. கொறங்காட்டிலும் புறம்போக்கிலும் பலவகைப் புல்லையும் தழையையும் மேய்ந்தது. இன்றைய கலப்பின மாடு 10 லிட்டர் தருகிறது; ஒரு முளையில் கட்டுண்டு, போட்ட ஒன்றையே தின்கிறது. செலவு மூன்று மடங்காகி, வரவு வகை குறைந்தபின் பழைய கணக்கு எவ்வாறு செல்லும்?

“சங்கத்தின் உபரியை இதில் செலவிட்டால் தீபாவளிக்குப் போனஸ் குறையும்” என்பது மற்றொரு மறுப்பு. சில சங்கங்கள் பண்டிகைக்கு எவர்சில்வர் பாத்திரம் வழங்குவதைப் பெருமையாகக் கருதுகின்றன. பாத்திரம் வேண்டாம் என்று யாரும் கூறவில்லை. அதில் ஊற்றுவதற்குப் பால் வேண்டும் என்பதையும் நினைக்கும்படி கேட்கிறோம். உபரியில் கை வைக்காமலே கூட இதைச் செய்யலாம். மொத்தமாக வாங்கிய கலவையை அங்கத்தினருக்குக் கடனாகக் கொடுத்து, பால் பணப் பட்டுவாடாவில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டால் போதும்.

செய்ய வேண்டுவன

நிர்வாகக் குழுவினர் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, தரச் சான்றுள்ள தாதுக்கலவையை ஆண்டு முழுவதும் இருப்பில் வைத்து, வற்றிய மாட்டுக்காரருக்கும் கடனில் வழங்குக. பால் வராத மாதத்தில் பிடித்தம் செய்ய வழியில்லை என்று அவரைத் தள்ளிவிடுவது, மருந்து வேண்டியவரை வாசலில் நிறுத்துவதாகும். அடுத்த கறவையில் பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பால் ஏட்டோடு ஈற்று ஏடு ஒன்றையும் வைத்திடுக. கன்று ஈன்ற நாள், பருவம் கண்ட நாள், சினை ஊசி போட்ட நாள், சினை பார்த்த நாள் ஆகிய நான்கு கட்டங்கள் போதும். ஈன்று மூன்று மாதம் கடந்தும் இரண்டாவது கட்டம் காலியாக உள்ள மாடுகளை, கால்நடை மருத்துவர் வரும் நாளில் அவர் முன் நிறுத்துக.

மூன்றாவது, பெண்களை அழைத்துப் பேசுக. ஏட்டில் பெயர் பெரும்பாலும் கணவருடையதாக இருக்கிறது. ஆனால் விடியலில் தொட்டியில் தவிடு கரைப்பவரும், மாடு கத்துவதை முதலில் கேட்பவரும் வீட்டுப் பெண்மணியே. காலையில் பருவம் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் ஊசி போடுதல் வேண்டும் என்ற செய்தி அவருக்குத் தெரியாவிடில், பொதுக் கூட்டத்தில் ஆண்களுக்கு எத்தனை முறை கூறியும் பயனில்லை.

வரும் பேரவைக் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாகக் கொணருமாறு அங்கத்தினரை வேண்டுகிறோம். ஒவ்வொருவருக்கும் பங்கும் வாக்கும் உண்டு. கேட்கும் உரிமையும் உண்டு. அடுத்த ஆண்டு ஏட்டில் அந்த வெற்றிடங்கள் சுருங்கியிருக்குமாயின், அதுவே சங்கம் தன் அங்கத்தினருக்கு வழங்கிய சிறந்த போனஸ் ஆகும்.