கேட்கும் செவியும் சொல்லும் நாவும்

மருந்தென்பது நான்கு கூறுகளை உடையது என்று கூறும் திருவள்ளுவர், அக்கூறுகளை எண்ணும்போது நோயுற்றவனையே முதற்கண் வைக்கின்றார். மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் ஆகிய மூன்றும் அவனுக்குப் பின்னரே வருகின்றன. இன்று நம் ஊர்களில் நோயாளி நிற்கும் இடம் எது என்று எண்ணிப் பார்த்தால் இவ்வரிசை நம்மைச் சற்றே உறுத்துகிறது. அவர் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கிறார்; மாத்திரை வாங்கும் வரிசையில் நிற்கிறார்; ஊசி போடும் அறையின் வாயிலில் நிற்கிறார். 'உமக்கு இங்கே கிடைத்த சிகிச்சை எவ்வாறு இருந்தது?' என்று அவரை ஒருவர் கேட்கும் இடம் மட்டும் அவ்வளாகத்தில் எளிதில் தென்படுவதில்லை.

நிற்க. நம் மாநிலத்து அரசு மருத்துவப் பணியைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோற்றுவிக்கப்பெற்ற பின், மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளின் வழியே பகிர்ந்தளிக்கும் முறை நிலைபெற்றது. பிற மாநிலங்கள் பலவும் அதனைப் பார்த்துத் தாமும் மேற்கொண்டன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. படுக்கையில் கிடப்போர்க்கு வலி தணிப்புச் சிகிச்சையும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் இல்லம் தேடிச் செல்கின்றன. இவை எளிய செயல்கள் அல்ல.

ஆயினும் இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. மகப்பேற்றின்போது தாய்மார் இறப்பது தமிழகத்தில் வெகுவாகக் குறைந்துள்ளது. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கணக்குப்படி, ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2007-09 ஆண்டுகளில் 97ஆக இருந்த தாய் இறப்பு 2018-20 ஆண்டுகளில் 54ஆகத் தாழ்ந்தது. இதற்கு இருபத்து நான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களும், செவிலியர் நியமனமும், குருதி வங்கிகளும், 2008 முதல் ஓடும் 108 ஊர்தியும் காரணங்கள் என்பர். உண்மையே. ஆனால் இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு தாய் இறந்துவிட்டால், சுகாதாரத் துறையினர் அவ்வீட்டிற்கே சென்று குடும்பத்தாரை உட்காரவைத்துக் கேட்கும் வழக்கம் இம்மாநிலத்தில் 1990களிலிருந்து வளர்ந்து வந்திருக்கிறது. வலி எப்போது கண்டது? யார் உடன் சென்றார்? ஊர்தி எந்நேரம் வந்தது? எந்த மருத்துவமனை 'இங்கே முடியாது' என்று அடுத்த ஊருக்கு அனுப்பியது? அங்கே குருதி இருந்ததா? படிப்பறிவில்லாத மாமியார் சொல்லும் விடையும் கோப்பில் ஏறும். அக்கோப்பு மாவட்ட ஆட்சியர் கூட்டும் ஆய்வுக் கூட்டத்திற்குச் செல்லும். எங்கே காலம் வீணாயிற்று என்பதை நோயேடுகள் முழுமையாகக் காட்டா. அவ்வீட்டுத் திண்ணை காட்டும். கேட்டலால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதற்கு நம் மண்ணிலேயே உள்ள சான்று இது.

நாம் எழுப்பும் வினா இதனின்றே பிறக்கிறது. இறந்தவளின் வீட்டில் கேட்கப்படும் கேள்விகள், பிழைத்து வீடு திரும்பியவளிடம் ஏன் கேட்கப்படுவதில்லை?

கேட்பதற்கு ஏற்பாடே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1946இல் அறிக்கை அளித்த போர் குழுவே, ஊர்தோறும் மக்கள் அடங்கிய சுகாதாரக் குழு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1978இல் அல்மா ஆட்டாவில் கூடிய உலக நாடுகள், தம் மருத்துவப் பணியைத் திட்டமிடுவதில் பங்கு கொள்வது மக்களின் உரிமையும் கடமையுமாகும் என்று அறிவித்தன. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் கிராமங்களில் சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்து ஆகியவற்றுக்கான குழுவையும், மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கத்தையும் ஏற்படுத்தியது. கிராமக் குழுவுக்கென ஆண்டுதோறும் பத்தாயிரம் ரூபாய் வரை நிதியும் வகுக்கப்பெற்றது. 2007 முதல் 2009 வரை தமிழகம் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் மக்களே மருத்துவப் பணியைக் கண்காணிக்கும் முன்னோட்டமும் நடைபெற்றது. ஊர் மக்கள் கூடித் தம் சுகாதார நிலையத்தின் ஒவ்வொரு பணிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் கொடுத்து மதிப்பிட்ட முறை அக்காலத்தில் கையாளப்பட்டது. எழுதத் தெரியாதவரும் நிறம் சொல்லலாம் அன்றோ!

இவை தவிர, ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. நகரங்களுக்குப் பகுதி சபை உண்டு. திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள் உண்டு. 104 என்ற தொலைபேசி எண் உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உண்டு. நம் மாணவ மணிகளுள் எத்தனை பேருக்குத் தம் ஊர்க் குழுவில் இருப்போர் யாவர் என்று தெரியும்? ஆசிரியப் பெருமக்களுள் எத்தனை பேர்க்குத் தெரியும்? தெரியாமையை அவர்கள்மேல் குற்றமாகச் சுமத்துவது பொருந்தாது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. கூட்டம் நடக்கும் நாள் அறிவிக்கப்பட்டால், அது அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்ட ஒரு தாளாக நின்றுவிடுகிறது. சுகாதார நிலையத்தை மிகுதியாகப் பயன்படுத்துவோர் பெண்கள். அத்தாளின் பக்கம் போக அவர்களுக்கு வேலை இல்லை.

முதியோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பெற்ற மக்கள் பராமரிக்க மறுத்தால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் ஒரு தாயே நேரில் மனுக் கொடுக்கலாம். வழக்குரைஞரைத் தேடிப் போக வேண்டியதில்லை. இச்செய்தியைத் தம் ஊர்ப் பெரியோர் வாயிலாகக் கேட்டறிந்த மூதாட்டியரை நாம் அரிதாகவே காண்கிறோம்.

செய்தி எட்டிய இடத்திலும் மக்கள் வாய் திறப்பதில்லை. இதனை நாகரிகம் என்றோ பொறுமை என்றோ கொள்ளலாகாது. 'நாளைக்கும் அந்த அம்மாவிடம்தானே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்' என்று நம் இல்லத்துப் பெண்கள் சொல்லும் ஒரு சொற்றொடரில் முழுக் காரணமும் அடங்கியிருக்கிறது. குறை கேட்பவரும் சிகிச்சை அளிப்பவரும் ஒருவராகவே இருக்கும்போது குறை சொல்லும் துணிவு எவ்வாறு வரும்? மருத்துவமனை வாயிலில் பூட்டித் தொங்கும் கருத்துப் பெட்டியை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். அதன் சாவி யாரிடம் உள்ளதோ, அவரைப் பற்றியே அதில் எழுதிப் போட வேண்டியிருக்கிறது. துணிந்து மனு எழுதியவர்க்கோ, 'தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டது' என்ற ஒரு வரி வந்து சேர்கிறது. பிறகு அத்துறை என்ன செய்தது என்பது மனுதாரருக்கும் தெரிவதில்லை, ஊருக்கும் தெரிவதில்லை. விடை வாராத இடத்தில் இரண்டாம் முறை எவரும் பேசமாட்டார்.

இத்தடை ஏழை நாடுகளுக்கே உரியது என்று எண்ணிவிட வேண்டா. எவரும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் ஏற்பாட்டை 1948 முதல் நடத்திவரும் இங்கிலாந்திலும் இது நிகழ்ந்தது. அங்கே ஸ்டாஃபோர்டு என்னும் ஊரின் மருத்துவமனையில் 2005க்கும் 2009க்கும் இடையே நோயாளர்கள் சொல்லொணாப் புறக்கணிப்புக்கு ஆளாயினர். உணவும் தண்ணீரும் கைக்கெட்டாத தொலைவில் வைக்கப்பட்டன. அழுக்குப் படுக்கையிலேயே முதியோர் கிடந்தனர். உறவினர் முறையிட்டனர், கேட்பாரில்லை. 2007இல் தம் தாயை அம்மருத்துவமனையில் இழந்த ஜூலி பெய்லி என்ற பெண்மணி, சிறியதொரு சிற்றுண்டிக் கடை நடத்திவந்தவர், தம்மைப் போன்றோரைத் திரட்டிப் போராடினார். இராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளை வெளியிட்டது. நோயாளர் சொன்னதை நிர்வாகம் செவிமடுக்கவில்லை என்பது அவ்வறிக்கை நெடுகிலும் ஒலிக்கும் குற்றச்சாட்டு. அதே ஆண்டு ஏப்ரல் முதல், 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 'ஹெல்த்வாட்ச்' என்னும் அமைப்பு ஒவ்வோர் உள்ளாட்சிப் பகுதியிலும் இயங்கலாயிற்று. மருத்துவமனை, முதியோர் இல்லம் ஆகியவை பற்றி மக்கள் கருத்தைத் திரட்டுவதும், நேரில் சென்று பார்ப்பதும், எங்கே என்ன உதவி கிடைக்கும் என்ற செய்தியை மக்களுக்குச் சொல்வதும் அதன் பணிகள். சிகிச்சை அளிப்போரின் கீழ் அது இல்லை என்பதே அதன் பெருமை. ஆனால் 2025 ஜூலையில், அதனைக் கலைத்து அதன் பணிகளை மருத்துவ நிர்வாகத்திடமும் உள்ளாட்சிகளிடமும் ஒப்படைக்கப் போவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. சாவி மீண்டும் பழைய கைக்கே போகிறது! செலவு குறையலாம், முறையீடும் குறையும் என்றே அஞ்சுகிறோம்.

மருத்துவர் தரப்பையும் நாம் கேட்டாக வேண்டும். ஒரு மருத்துவர் ஒரே காலைப்பொழுதில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பார்க்கும் இடங்கள் உண்டு. அவரிடம் கனிவையும் விளக்கத்தையும் எதிர்பார்ப்பது, ஆள் நியமிக்காதவர் செய்த குறையை அவர் தலையில் ஏற்றுவதாகும். 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் உள்ள அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை, ஒரு நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008ஆம் ஆண்டே தமிழகத்தில் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. எக்காரணம் கொண்டும் அச்செயலை நியாயப்படுத்த இயலாது. ஆனாலும், ஐயம் தோன்றிய முதல்நாளே அதனை எடுத்துச் சொல்லவும் விளக்கம் பெறவும் ஓர் இடம் இருத்தல் மருத்துவருக்கே முதற்பாதுகாப்பு என்பது நம் கருத்து. குறை சொல்வோர் மருத்துவரின் பகைவர் அல்லர். ஆள் பற்றாக்குறையை மேலிடத்திற்கு எடுத்துச் சொல்ல ஊரார் முன்வந்தால், அவர்க்கு அதைவிட வலிய துணை ஏது?

அண்டை மாநிலத்து அனுபவம் ஒன்றை ஈண்டுக் குறிப்பிடலாம். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிப்பு மையம் ஒன்று தொடங்கிற்று. அதன் வழிவந்த பணி, பின்னர் மலப்புறம் மாவட்டத்துச் சிற்றூர்களில் அண்டை வீட்டார் இயக்கமாக விரிந்தது. ஓட்டுநர், கடைக்காரர், மாணவர், இல்லத்தரசியர் எனப் பலரும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கிப் படுக்கை நோயாளரைச் சென்று கண்டனர். செலவுக்குப் பெரும்பகுதி சிறு சிறு நன்கொடைகளே. நோயாளி கேட்பது மருந்தாக மட்டும் இருப்பதில்லை, வீட்டுக்கு அரிசியாகவும் பிள்ளையின் பள்ளிச் செலவாகவும் இருக்கிறது என்பதை அவர்கள் கேட்டறிந்தே தெரிந்துகொண்டனர். 2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. மலப்புறத்து மக்கள் செய்ததை நம் ஊர்களில் செய்ய முடியாது என்று சொல்ல நமக்கு எந்தக் காரணமும் புலப்படவில்லை.

நம் கல்லூரியில் தமிழ் பயில்வோர்க்கென்றே ஒரு பணி காத்திருக்கிறது. மருத்துவமனையில் கையொப்பம் வாங்கும் இசைவுப் படிவத்தையும், சுவரில் எழுதியுள்ள மக்கள் சாசனத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த அந்தத் தமிழ், பட்டம் பெற்றவர்க்கே பிடிபடாது. அதனை ஒரு தாய்க்கு விளங்கும் தமிழில் எழுதித் தருவது தமிழ்த்துறையின் தொண்டாகாதா? வீட்டில் உருது பேசும் பெண்கள் மிகுந்த வாணியம்பாடி, ஆம்பூர் போன்ற ஊர்களில் அவர்கள் மொழியிலும் அது வேண்டும். கிராம சபை நடக்கும் நாளையும், நோயாளர் நலச் சங்கம் கூடும் நாளையும் ஒரு வாரம் முன்னரே ஜமாஅத்தின் வெள்ளிக்கிழமை அறிவிப்பிலும், கோவில் திடலிலும், தேவாலய வாயிலிலும், மகளிர் குழுக் கூட்டத்திலும் சொல்லுமாறு ஊர்ப் பெரியோரை நாம் கேட்டுக்கொள்கிறோம். பெண்கள் சபைக்கு வர இயலாத இடங்களில், நாட்டு நலப்பணித் திட்ட மாணவியர் வீடு வீடாகச் சென்று கேட்டு, பெயர் குறிக்காமல் எழுதி எடுத்துச் செல்லலாம். பச்சை, மஞ்சள், சிவப்பு முறை இதற்கு நன்கு பொருந்தும்.

அரசிடம் நாம் வேண்டுவது ஒன்றே. சென்ற மாதம் எத்தனை குறைகள் வந்தன, எவை தீர்ந்தன, எது தீரவில்லை, ஏன் தீரவில்லை என்பதை ஒவ்வொரு சுகாதார நிலையத்தின் வாயிலிலும் மாதந்தோறும் எழுதி வைத்தல் வேண்டும். மருத்துவர் இல்லையெனில் இல்லை என்றே எழுதலாம். அதற்கு ஒரு கரும்பலகை போதும்.