உறுமல் வேகமாகுமா?

மாலை ஆறு மணி. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலிருந்து ஜார்ஜ்டவுன் நோக்கிச் செல்லும் துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் மகிழுந்துகள் எறும்பு வரிசையாய் ஊர்கின்றன. பினாங்குப் பாலத்திற்குத் திரும்ப வேண்டிய வாகனங்களும் அதே நெரிசலில் சிக்கி நிற்கின்றன. அந்த வரிசையில் நிற்கும் ஒரு மைவி மட்டும் பந்தய மகிழுந்தைப்போல் உறுமுகிறது. எனினும், முன்னால் நிற்கும் லாரி நகரும்வரை அதுவும் நகரப்போவதில்லை.

பினாங்கு மக்களுக்கு இக்காட்சி புதிதன்று. வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் பலர், சேமித்த பணத்தில் முதலில் வாங்கும் கூடுதல் பாகங்களுள் ஒன்று 'செயல்திறன் காற்று வடிகட்டி'. மகிழுந்தோடு வந்த காகித வடிகட்டியைவிட இதன் விலை பல மடங்கு அதிகம். இதைப் பொருத்தினால் இயந்திரத்தின் ஆற்றல் கூடும், பெட்ரோல் மிச்சமாகும், கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று விற்பனையாளர்கள் கூறுகின்றனர். அன்றாடப் பயணத்திற்குப் பயன்படும் மகிழுந்துக்கு அந்தச் செலவு தகுமா என்பதே கேள்வி.

முதலில், காற்று வடிகட்டியின் வேலையை அறிந்துகொள்வது நல்லது. பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு, அதன் எடையைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு எடையுள்ள காற்று தேவை. கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். அந்தக் காற்றோடு சாலைத் தூசியும் மணல் துகளும் கலந்து வரும். அவை உள்ளே சென்றால் சிலிண்டரின் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்துவிடும். எனவே, தூசியைத் தடுத்து இயந்திரத்தைக் காப்பதே வடிகட்டியின் முதற்பணியாகும்.

காகித வடிகட்டி காற்றின் ஓட்டத்தைச் சற்றுத் தடுக்கிறது. எண்ணெய் தடவிய பருத்தித் துணியாலான வடிகட்டி காற்றை எளிதாக உள்ளே விடுகிறது என்பது ஆதரவாளர்களின் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. இயந்திரம் தன் முழு ஆற்றலையும் வெளிப்படுத்தும் வேளையில், காற்றின் தடை குறைந்தால் ஆற்றல் சிறிதளவு கூடலாம். ஆனால், அந்த வேளை எப்போது வருகிறது என்பதைச் சிந்திக்க வேண்டும். இயந்திரத்திற்குள் செல்லும் காற்றின் அளவை ஒரு சிறிய தட்டு கட்டுப்படுத்துகிறது. ஓட்டுநர் எண்ணெய் மிதியை இலேசாக மிதிக்கும்போது அத்தட்டு பெரும்பாலும் மூடியே இருக்கும். நெரிசலில் ஊரும் மகிழுந்தின் காற்றோட்டத்தைத் தடுப்பது அந்தத் தட்டுதான், வடிகட்டியன்று. பாதி மூடிய குழாய்க்குப் பெரிய தண்ணீர்த் தொட்டியை இணைத்தால் கூடுதலாகத் தண்ணீர் கொட்டிவிடுமா?

பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1985ஆம் ஆண்டு வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில், காற்றையும் பெட்ரோலையும் கலக்க கார்புரேட்டர் என்ற கருவி இருந்தது. அத்தகைய மகிழுந்துகளில் வடிகட்டி அடைத்துக்கொண்டால் பெட்ரோல் அளவுக்கு மீறிக் கலந்து வீணாகக்கூடும். ஆகவே, பட்டறைகளில் மூத்தோர் கூறிய அறிவுரை அக்காலத்திற்குப் பொருத்தமானதே. இன்றைய மகிழுந்துகளிலோ உள்ளே வரும் காற்றின் அளவை உணரிகள் அறிந்து சொல்கின்றன. அதற்கேற்ற பெட்ரோலை மட்டுமே கணினி தெளிக்கச் செய்கிறது.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவுபடுத்தியது. புதிய வகை மகிழுந்துகளில் வடிகட்டியை வேண்டுமென்றே அடைத்துச் சோதித்தபோது, வேகம் கூடுவதற்கு அதிக நேரம் பிடித்தது. பெட்ரோல் செலவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கார்புரேட்டர் கொண்ட பழைய மகிழுந்தில் மட்டுமே, புதிய வடிகட்டியைப் பொருத்தியதும் எரிபொருள் சிக்கனம் 2 முதல் 6 விழுக்காடுவரை மேம்பட்டது. அடைபட்ட வடிகட்டியே பெட்ரோலை வீணாக்கவில்லை என்றால், தூய்மையான காகித வடிகட்டியைக் கழற்றிவிட்டு விலையுயர்ந்த ஒன்றைப் பொருத்துவதால் பெட்ரோல் எப்படி மிச்சமாகும்?

அப்படியானால், பொருத்திய பிறகு மகிழுந்து விரைவாக ஓடுவதுபோல் பலர் உணர்வது ஏன்? அதற்குக் காரணம் ஓசையே. வடிகட்டியை மூடியிருக்கும் பெட்டி, காற்று உறிஞ்சப்படும் ஓசையையும் அடக்குகிறது. அப்பெட்டியை நீக்கிவிட்டுக் கூம்பு வடிவ வடிகட்டியைத் திறந்த நிலையில் பொருத்தினால் உறுமல் வெளியே கேட்கும். காது கேட்பதை மனம் வேகம் என்று எண்ணிக்கொள்கிறது. உண்மையில், திறந்த வடிகட்டி இயந்திரத்தின் அருகிலுள்ள சூடான காற்றை உறிஞ்ச வாய்ப்புண்டு. காற்றின் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 3 விழுக்காடு குறைகிறது. வெப்பமிகு பினாங்கில், ஆற்றலைக் கூட்டப் போய் அதைக் குறைத்துக்கொள்ளும் நிலையும் ஏற்படலாம்.

சூடான காற்றைத் தவிர்க்கச் சிலர் குழாயை நீட்டி, வடிகட்டியை முன்சக்கரத்தின் அருகே தாழ்வாகப் பொருத்துகின்றனர். அதிலும் ஆபத்து உண்டு. 2017 நவம்பர் மாதத் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் பினாங்கின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் தேங்கிய சாலையில் தாழ்வான வடிகட்டி காற்றுக்குப் பதிலாக நீரை உறிஞ்சிவிடலாம். காற்றைப்போல் நீரை அழுத்திச் சுருக்க இயலாது. எனவே, சிலிண்டருக்குள் நீர் புகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து இயந்திரமே பாழாகிவிடும். சில நூறு ரிங்கிட் செலவில் தொடங்கிய ஆசை சில ஆயிரம் ரிங்கிட் இழப்பில் முடியும்.

கழுவிப் பயன்படுத்தலாம் என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியாது. குப்பை குறைவது நன்மையே. ஒரே மகிழுந்தை நெடுங்காலம் வைத்திருப்பவர், பழைய பெட்டிக்குள்ளேயே பொருந்தும் பருத்தி வடிகட்டியை வாங்கி முறையாகப் பராமரித்தால் போட்ட பணத்தை ஓரளவு மீட்கலாம். ஆனால், கழுவும் திரவத்திற்கும் எண்ணெய்க்கும் செலவு உண்டு. எண்ணெயை அளவுக்கு மீறித் தடவினால், சில வகை மகிழுந்துகளில் அது காற்றை அளக்கும் உணரியில் படிந்து கோளாறு விளைவிக்கலாம். வாங்குவோர், எவ்வளவு காற்றை உள்ளே விடும் என்பதோடு எவ்வளவு தூசியைத் தடுக்கும் என்பதையும் கேட்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 5011 என்ற அனைத்துலகச் சோதனை முறை இவ்விரண்டையும் அளக்கிறது.

சிப்பாங் போன்ற பந்தயத் தடத்தில் ஓடும் மகிழுந்தின் நிலை வேறு. அங்கு இயந்திரம் நெடுநேரம் முழு ஆற்றலோடு இயங்குகிறது. காற்றுப் பாதை, புகைபோக்கி, கணினி ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு மாற்றப்படுகின்றன. அங்கே நொடியின் ஒரு பகுதிகூட வெற்றியைத் தீர்மானிக்கும். நெடுஞ்சாலையிலோ மணிக்கு 110 கிலோமீட்டரே உச்ச வேக வரம்பு. 2017இல் வெளிவந்த மைவியின் 1.5 லிட்டர் இயந்திரம் 102 குதிரைத்திறன் கொண்டது. அந்த வரம்பை எட்ட அதற்குக் கூடுதல் ஆற்றல் எதுவும் தேவையில்லை.

ஆகவே, அன்றாடப் பயணத்திற்கான மகிழுந்துக்குச் செயல்திறன் காற்று வடிகட்டி தேவையற்ற செலவே. கையேட்டில் குறித்த காலத்தில் காகித வடிகட்டியை மாற்றினாலே போதும். தூசி மிகுந்த சாலைகளில் ஓடும் மகிழுந்துக்கு அதைச் சற்று முன்னதாகவே மாற்றலாம். மிஞ்சும் பணத்தில் தேய்ந்த சக்கர உறைகளை மாற்றலாம், தடைக்கருவியைச் சோதிக்கலாம். மழையில் வழுக்கும் சாலையில் உயிரைக் காப்பவை அவையே. நிறைகுடம் தளும்பாது என்பது முன்னோர் வாக்கு. நன்றாகப் பராமரிக்கப்பட்ட இயந்திரமும் அப்படித்தான்; அது உறுமிக் காட்டுவதில்லை, ஓட்டுநரைப் பத்திரமாக வீடு சேர்க்கிறது.