விடுமுறைப் பையும் தாத்தாவின் கையும்

இதைச் சினத்தோடுதான் எழுதுகிறேன். சினம் தணிந்தபின் எழுதலாம் என்று மூன்று நாள் காத்திருந்தேன், தணியவில்லை.

பள்ளி விடுமுறைக்கு என் மகள் தன் பிள்ளைகள் இருவரையும் கிள்ளானிலிருந்து ஈப்போவுக்கு அழைத்து வந்து எங்களிடம் விட்டுச் சென்றாள். பேத்தி ஆண்டு நான்கில் பயில்கிறாள். பேரனுக்கு ஆறு வயது. ஐந்து நாள் தங்கல். பேத்தியின் முதுகில் இருந்த பையை, மாற்றுடைகள்தாமே என்று எண்ணி ஒரு கையால் தூக்கினேன். தோள் இறங்கிப் போயிற்று. உள்ளே பயிற்சித்தாள்கள். தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் எனப் பிரித்து, பாடத்துக்கொரு நிறத்தில் அட்டையிட்டு அழகாகக் கட்டப்பட்டிருந்தன. எண்ணினேன். 42 தாள்கள்! விடுமுறை என்ற சொல்லுக்கு நம் தமிழ்ப்பள்ளிகளில் இப்போது என்ன பொருள் என்று யாராவது சொல்லுங்களேன்.

முதல் நாள் காலை குழந்தை சாப்பாட்டு மேசையில் அமர்ந்து பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அக்கா எப்ப வருவா?" என்று கேட்டபடி நின்றான். நான் அவ்விருவருக்கும் நடுவே நின்றேன்.

அந்தத் தாள்களைக் கொடுத்தவர் என் தொழிலைச் சேர்ந்தவர். ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருக்கும் நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதைத்தான் செய்தேன். ஆகவே இக்கண்டனத்தில் முதல் குற்றவாளி நானே என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டதனால் வாயை மூடிக்கொள்ளப் போவதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். விடுமுறைப் பயிற்சித்தாளும் விடுமுறைப் பிரத்தியேக வகுப்பும் பிள்ளைகளின் விளையாட்டு நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. அவர்களுடைய தாத்தா பாட்டியையே எடுத்துக்கொள்கின்றன. மலேசியத் தமிழருக்கு இது சிறிய இழப்பன்று. ஏனெனில், இந்நாட்டில் அந்த உறவு நமக்கு எளிதில் கிடைக்கவில்லை.

கங்காணிகள் ஆள் சேர்த்த காலத்தில் கப்பலேறியவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்கள். தோட்டம் உழைக்கும் உடலைத்தான் கேட்டது. முதியவரை எவர் கேட்டார்? பெற்றோரை ஊரில் விட்டு, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். 1938-இல் இந்திய அரசு அத்தகைய தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை இதுவே நடந்தது. எனவே தோட்டங்களில் பிறந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளுள் மிகப் பலருக்குத் தாத்தா என்பவர் கடலுக்கு அப்பால் இருந்த ஒரு பெயர். என் தந்தை சுங்கை சிப்புட் பக்கத்துப் பால்மரத் தோட்டமொன்றில் பிறந்தவர். தம் தாத்தாவை அவர் ஒருநாளும் கண்டதில்லை. அவருக்கு வாய்த்தது ஆயாக் கொட்டகை. இருள் விலகுமுன் தாயும் தந்தையும் பெரட்டுக்குப் போய்விட, ஒரு மூதாட்டி தொட்டிலாட்டிக்கொண்டு கொட்டகையில் இருப்பார். லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவரே பாட்டி.

என் முறை வந்தது. எனக்குத் தாத்தா இருந்தார். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை பெர்மிட் பெற்றாக வேண்டும் என்ற நடைமுறை கடுமையானபோது, சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். 1970-இல் என் தாத்தா ரஜூலா கப்பலில் ஏறினார். அப்போது எனக்கு நான்கு வயது. அவர் முகம் நினைவில்லை. தோளில் ஏற்றிக்கொண்டு கோயில் வரை நடந்தபோது விழாமலிருக்க நான் பிடித்துக்கொண்ட அவருடைய காதுகள் மட்டும் நினைவிருக்கின்றன.

அதற்கு முன்பே தோட்டத் துண்டாடல் தொடங்கிவிட்டது. பெருந்தோட்டங்கள் கூறு கூறாக விற்கப்பட்டன. துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டங்கள் வாங்கியதும் அதனால்தான். பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, பேராக்கின் பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். இக்கதை நீங்கள் அறிந்ததே.

இப்போது நிலைமையைப் பாருங்கள். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. 2010-இல் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இ.டி.எஸ். மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர். காலை உணவு கிள்ளானில், மதிய உணவு ஈப்போவில். என் தந்தைக்குக் கிடைக்காததும், எனக்குக் கிடைத்துப் பறிபோனதும் என் பேத்திக்கு மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அதன்மேல் 42 தாள்களைத் தூக்கி வைக்கிறோம்!

நிற்க. இரண்டாம் நாள் தாள்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு இருவரையும் புந்தோங்குக்கு அழைத்துச் சென்றேன். கச்சாங் பூத்தே கடைகளில் எதை வாங்குவது என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் பெரும் வழக்கு. அவளுக்கு ஓமப்பொடி, அவனுக்குக் காரக்கடலை. பொட்டலத்தைக் கொறித்துக்கொண்டே நடந்தோம். தைப்பூசத்தன்று காவடிகள் கல்லுமலைக்குப் போகும் வழியைக் காட்டினேன். தொலைவில் சுண்ணாம்புக் குன்றுகள் தெரிந்தன. பேத்தி நின்றுவிட்டாள்.

"தாத்தா, அந்த மலை ஏன் பாதி இல்ல?"

"வெட்டி எடுத்துட்டாங்க கண்ணு. சிமெண்டு செய்ய, சலவைக்கல் எடுக்க."

சிறிது தூரம் பேசாமல் வந்தவள் கேட்டாள்: "அப்ப நம்ம வீட்டுச் சுவத்துக்குள்ள மலை இருக்கா?"

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றிருக்கிறேன். இத்தகைய கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன்? விரல்விட்டு எண்ணிவிடலாம். அவளுடைய அறிவியல் தாளில் பொருள்களின் மூலம் பற்றி ஒரு பகுதி இருந்தது. கோடிட்டு இணைக்க வேண்டும். அதை அவள் இரண்டு நிமிடத்தில் இணைத்துவிட்டு மறந்திருப்பாள்.

மூன்றாம் நாள் சுங்கை சிப்புட்டுக்குப் போனோம். வீட்டிலிருந்து அரைமணி நேரம். சிறுதோட்டக்காரர் ஒருவரின் பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன. காய் வெடிக்கும் பருவம். வெயில் ஏறியதும் மேலே 'டப்' என்று வெடித்துக் கொட்டைகள் சிதறுகின்றன. பேரன் முதலில் அஞ்சி என் காலைக் கட்டிக்கொண்டான். பின்னர் பொறுக்கத் தொடங்கியவனை நிறுத்த முடியவில்லை. கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து அடுத்தவர் கையில் வைத்துச் சூடு காட்டும் பழைய குறும்பைக் கற்றுக்கொடுத்தேன். (அன்று மாலை என் இல்லாளிடம் நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) ஒன்றன்மேல் ஒன்று வைத்து உள்ளங்கையால் அடித்து யாருடையது உடைகிறது என்று பார்க்கும் ஆட்டமும் ஆடினோம். மங்கு, உளி, ஒட்டுப்பால், காண்டா வாளி என்று ஒவ்வொன்றாகப் பேத்தி கேட்டாள். காண்டாவைத் தோளில் வைத்துக் காட்டச் சொன்னாள். ஒரு கம்பை எடுத்து இருபுறமும் வாளி தொங்குவதாக நடித்து நடந்தேன். அவள் பின்னாலேயே நடந்தாள்.

இங்கே ஒரு வெட்கக்கேட்டையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் தன் கட்டுரையில் 'தாத்தா காண்டா தூக்கினார்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் வட்டமிட்டுக் 'கொச்சை' என்று எழுதினேன். அச்சொல்லுக்கு மாற்றாக ஒரு சொல்லையும் நான் தரவில்லை. அந்தச் சிறுவன் அதன்பின் தாத்தாவைப் பற்றி எழுதவே இல்லை.

என் கட்சிக்கு எதிரான வாதங்கள் எனக்குத் தெரியும். நம் பிள்ளைகள் பின்தங்கிய இடத்திலிருந்து வருகிறார்கள். மற்றவர் ஒரு மடங்கு உழைத்தால் நாம் இரு மடங்கு உழைக்க வேண்டும் என்பது முதலாவது. அதை நான் இகழமாட்டேன். பலகை இடைவெளியில் மழைநீர் ஒழுகிய தோட்டப் பள்ளிகளிலிருந்து மருத்துவரையும் வழக்கறிஞரையும் உருவாக்கியவர்கள் அந்த வெறியோடுதான் உழைத்தார்கள். ஆனால் எந்தத் தேர்வுக்காக அந்த வெறி வளர்ந்ததோ அந்த யு.பி.எஸ்.ஆர். 1988-இல் தொடங்கி, 2019-இல் கடைசியாக நடந்து, 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வு போய்விட்டது, தாள் மட்டும் போகவில்லை. எதற்காகக் கட்டுகிறோம் என்று கேட்டால் விடை சொல்ல ஆளில்லை.

இரண்டாவது வாதம் தாத்தா பாட்டிமாரைப் பற்றியது. "அவர்களிடம் விட்டால் கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டுத் தொடர் நாடகம் பார்க்கிறார்கள்" என்கிறார்கள். உண்மைதான்! முதியோராகிய நாமும் யோக்கியரல்லர். மூட்டு வலி என்போம், வெயில் என்போம். பேரப்பிள்ளை அழாமலிருக்க நாமே திரையை நீட்டுவோம். மகளும் மருமகனும் நம்மைச் சம்பளமில்லாத ஆயாக் கொட்டகையாக நடத்துகிறார்கள் என்று முணுமுணுப்போம். பிள்ளைகள் வந்து நின்றால் நடக்க எழமாட்டோம். எழுந்தாலும் எங்கே நடப்பது என்பது வேறு கேள்வி. தாமான்களில் நடைபாதையே இல்லை. இருக்கும் இடத்தில் கார் நிற்கிறது. ஈப்போ நகர்ப் பகுதியில் டி.ஆர்.சீனிவாசகம் பூங்கா போன்ற இடம் இருக்கிறது. பிள்ளைகள் ஓடி ஆடும் பூங்காவுக்கு ஒரு தமிழரின் பெயர் என்று அங்கே போகும்போதெல்லாம் சொல்வேன். ஆனால் வீட்டு வாசலிலிருந்து நடந்தே சேரும் தொலைவில் அப்படி ஓரிடம் எத்தனை பேருக்கு உண்டு?

சிங்கப்பூர் அரசு 2015 முதல், பெற்றோர் வீட்டருகே மறுவிற்பனை வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு மானியம் தருகிறது. 'அருகே' என்பதை 2018-இல் 4 கிலோமீட்டர் என அளந்தும் சொல்லிவிட்டது. அங்கே அரசு பணம் கொடுத்து அருகே கொண்டுவரப் பார்க்கிறது. இங்கே தாமாகவே 200 கிலோமீட்டர் கடந்து வந்துவிட்ட பிள்ளையை நாம் மேசையில் கட்டிப்போடுகிறோம். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989-ஆம் ஆண்டின் சிறார் உரிமை உடன்படிக்கை தன் 31-ஆம் பிரிவில் கூறுகிறது. மலேசியா 1995-இல் அதில் இணைந்தது. எத்தனை ஆசிரியர் அறைகளில் அதைப் பற்றிப் பேசியிருப்போம்?

சக ஆசிரியை ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொன்னார்: "ஐயா, 'தாத்தாவுடன் ஒரு நாள்' என்று ஒரு தொகுப்பேடு கொடுத்துவிடலாமே!" வேண்டாம் தாயே, வேண்டாம். அதையும் பார்த்திருக்கிறேன். பிள்ளை பன்னிரண்டு கேள்விகளோடு வரும். தாத்தா சட்டை மாற்றி அமர்வார். அம்மா படம் பிடிப்பார். இருபது நிமிடத்தில் தாத்தா முடிந்துவிடுவார்.

நான்காம் நாள் இரவு மகளைத் தொலைபேசியில் அழைத்து, தாள்கள் முடியா என்றேன். சிறிது நேரம் அமைதி. பிறகு சொன்னாள்: "ரெண்டாயிரத்து ரெண்டுல என்னை மட்டும் விட்டீங்களாப்பா?"

அவ்வாண்டு அவளுக்கு யு.பி.எஸ்.ஆர். விடுமுறை வகுப்பை நடத்தியவன் நான். என் தந்தை தோட்டத்து வீட்டில் பேத்திக்காகக் கொய்யாக் கட்டையில் பம்பரம் செதுக்கி வைத்திருந்தார். "தேர்வு முடியட்டும்பா" என்றேன். தேர்வு முடிந்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். பம்பரம் என் அலமாரியில் இருந்தது. இப்போது பேரனிடம் இருக்கிறது; அவனுக்கு இன்னும் கயிறு சுற்ற வரவில்லை.

மகளுக்கு நான் விடை சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் மழை. பேத்தி தானாகவே அமர்ந்து 9 தாள்களை முடித்தாள். எஞ்சிய 33 தாள்களின்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து இப்படி எழுதினேன்: 'மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம். இவற்றை மாணவி செய்யவில்லை. தாத்தாவோடு நடக்கப் போயிருந்தாள். பொறுப்பு என்னுடையது.' கையொப்பமிட்டுப் பதவியையும் தொலைபேசி எண்ணையும் எழுதினேன். மாலையில் வந்த மகள் அதைப் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கிழிக்கவுமில்லை. மடித்துப் பைக்குள் வைத்துப் பூட்டியை இழுத்தாள். இன்னும் யாரும் அழைக்கவில்லை.