சபா வேண்டுமா?

பள்ளிபாளையத்தில் தறிச் சத்தத்துக்குக் குறைவில்லை, பாட்டுக்குத்தான் ஒரு சபா இல்லை என்று நண்பர் ஒருவர் நம்மிடம் குறைப்பட்டுக் கொண்டார். சபா வந்தால் சந்தோஷமே. ஆனால் சபா இல்லாத ஊரில் சங்கீதமும் இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

பள்ளிபாளையத்தைத் தொட்டுச் செல்லும் காவேரிதான் திருவையாற்றுக்கும் போகிறது. அங்கே வீதியில் பாடி உஞ்சவிருத்தி செய்த தியாகராஜ ஸ்வாமிகள் 1847-இல் சித்தியடைந்தார். அவருடைய சமாதி பாழடைந்து கிடந்ததைக் கேட்டு மனம் வருந்திய பெங்களூர் நாகரத்தினம்மாள், தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பினார். 1925-இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆராதனையில் பெண்கள் பாடலாகாது என்றிருந்த காலத்தில், பெண்களைக் கொண்டே ஒரு கோஷ்டியையும் அமைத்தார் அந்த அம்மையார். இன்றோ ஆணும் பெண்ணும் வரிசையாக அமர்ந்து பஞ்சரத்தின கீர்த்தனங்களைச் சேர்ந்து பாடுகிறார்கள். கேட்க வந்தவர்களும் கூடவே பாடுகிறார்கள்.

ஓர் ஊரில் சங்கீதம் வாழ்கிறது என்பதற்கு இதுவே அடையாளம். வருகிற மார்கழியில் பள்ளிபாளையத்துப் பத்து வீட்டார் விடியற்காலையில் வீதியில் கூடித் தமக்குத் தெரிந்த திருப்பாவையையோ தேவாரத்தையோ பாடட்டும். இராத்திரி வேலை முடிந்து வரும் தறித் தொழிலாளியும் அவர்களோடு நின்று இரண்டு அடி பாடட்டும். கட்டடம் மெதுவாக வரட்டும், அதற்கு அவசரமில்லை.